மைனஸ் இருபதிலும் கொதிக்க வேண்டும்!

ஐரோப்பிய வீடுகளில் பழைய கேஸ் பாய்லருக்கு மாற்றாகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று, கேஸிலேயே ஓடும் உறிஞ்சல் வகை ஹீட் பம்ப். நல்ல பாய்லர்கூட எரிக்கும் வாயுவில் உள்ள வெப்பத்துக்கு மேல் தராது. இதுவோ ஒரு பங்கு வெப்பத்துக்குச் சாதகமான நிலையில் ஒன்றரைப் பங்கு தரும். கூடுதல் அரைப் பங்கு வெளியே இருக்கும் குளிர்காற்றிலிருந்து வருகிறது.

இதில் கம்ப்ரஸர் கிடையாது. ஒரு திரவம் குளிரில் ஆவியாகி வெளிவெப்பத்தை வாங்கும். இன்னொன்று அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். கரைசலைப் பம்ப் ஏற்றிவிட, பர்னர் அதைச் சூடாக்கி இரண்டையும் பிரிக்கும். உறிஞ்சும்போதும் ஆவி மறுபடி திரவமாகும்போதும் வெளிப்படும் வெப்பம்தான் ரேடியேட்டருக்குப் போகிறது. ஆகவே கல்யாணம் மாதிரி, இங்கும் ஜோடிப் பொருத்தம்தான் எல்லாம்.

காகிதக் கணக்கில் ஜெயிப்பது தண்ணீர் – லித்தியம் புரோமைடு ஜோடி. தண்ணீர் ஒரு கிலோவுக்குச் சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை ஆவியாக ஏந்திச் செல்லும். அம்மோனியா ஏந்துவது அதில் பாதிதான். உப்பான லித்தியம் புரோமைடு ஆவியாகாது என்பதால் பிரிப்பதும் சுலபம். ஆனால் குளிரில் ஆவியாக வேண்டிய திரவமே தண்ணீர். பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்துவிடும். 5 டிகிரியில் அதைக் கொதிக்க வைக்கவே வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும்; சின்னக் கசிவு இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து கெடுக்கும். ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் கேட்டால் சிக்கல் இன்னும் கூடும். சூடான நிலையிலும் ஆவியை உறிஞ்ச, கரைசலில் உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். அளவு மீறினால் அது படிகமாகிக் குழாயை அடைக்கும். இயந்திரம் நின்றுவிடும்.

அம்மோனியா – தண்ணீர் ஜோடிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மைனஸ் 20 டிகிரியிலும் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தத்தில் அம்மோனியா கொதிக்கும்; வெற்றிடமே தேவையில்லை. வேறு தலைவலிகள் உண்டு. பர்னர் சூட்டில் தண்ணீரும் கொஞ்சம் ஆவியாகக் கூடவே கிளம்பும். அதைப் பிரித்துத் திருப்ப ஒரு தனிப் பகுதி வேண்டும், அங்கே கொஞ்சம் திறன் போகும். வீட்டுக்கான சூட்டைத் தரும் பக்கத்தில் அழுத்தம் 20 பாரைத் தொடும். அம்மோனியா செம்பை அரிப்பதால் எஃகுக் குழாய்தான். நச்சும்கூட. நல்லவேளை, கசிந்தால் மூக்கு முதலில் சொல்லிவிடும். இத்தாலியின் ரோபர் நிறுவனத்தின் வீட்டு மாடலான கே18 வெளியே நிற்கும் யூனிட்டாக இருப்பது வசதிக்காக மட்டுமல்ல.

தண்ணீருக்குப் பதில் லித்தியம் நைட்ரேட், சோடியம் தயோசயனேட் போன்ற உப்புகளோடு அம்மோனியாவைச் சேர்த்து ஆய்வு நடக்கிறது. தண்ணீர் ஆவியைப் பிரிக்கும் வேலை மிச்சம். ஆனால் நைட்ரேட் கரைசல் பிசுபிசுப்பானது, வெப்பம் கடத்துவதில் மந்தம்.

எந்த ஜோடியானாலும், ரேடியேட்டருக்கு 65 டிகிரி கேட்டால் திறன் இறங்கும். தரைக்கடியில் ஓடும் குழாய்க்கு 35 போதும், திறன் ஏறும். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் குளிர்நாட்டு வீட்டுக்கு என் ஓட்டு அம்மோனியா – தண்ணீருக்கே. லித்தியம் புரோமைடு, உறையாத வெப்பமூலம் கைவசமுள்ள பெரிய கட்டடங்களுக்குப் போகட்டும்.