காரை மேம்பாலத்தில் ஏத்தியாச்சு... வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரை என்ன செய்வது?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கலாம். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கொடுத்த அனுபவம் அது. கார் ஓகே. ஆனால் வேலை மொத்தமும் இருக்கிற டெஸ்க்டாப்பை? சிபியுவைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக முடியாதே!

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கு ஒரு வழி இருக்கிறது: எஸ்.எஸ்.எச்., அதாவது செக்யூர் ஷெல். எங்கிருந்து வேண்டுமானாலும் வீட்டு கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்யலாம். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த டாட்டு யுலோனன் இதை எழுதினார். அதுவரை பலரும் பயன்படுத்திய டெல்நெட், பாஸ்வேர்டை அப்படியே திறந்த தபால் அட்டை மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் இருப்பது 1999-ல் வெளிவந்த ஓபன் எஸ்.எஸ்.எச்.

உபுண்டு டெஸ்க்டாப்பில் வெளியே போய் லாகின் செய்யும் க்ளையன்ட் ஏற்கெனவே இருக்கும். உள்ளே அனுமதிக்கும் சர்வர் இருக்காது. ‘ஓபன் எஸ்.எஸ்.எச். சர்வர்’ பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அதுவும் ஓடும்படி வைக்க வேண்டும். ஃபயர்வால் போட்டிருந்தால் எஸ்.எஸ்.எச்.சுக்கு அனுமதி கொடுக்கணும். பிறகு அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து லாகின் செய்து பாருங்கள். வந்துவிட்டதா? பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சாவி. லேப்டாப்பில் ஒரு ஜோடி சாவி உருவாக்க வேண்டும். அதில் பப்ளிக் கீ என்பது பூட்டு மாதிரி. அது வீட்டு கம்ப்யூட்டருக்குப் போகும். பிரைவேட் கீ லேப்டாப்பை விட்டு நகரவே கூடாது. சாவி வைத்து உள்ளே போக முடிகிறது என்று உறுதியான பிறகுதான் பாஸ்வேர்டு லாகினை நிறுத்த வேண்டும். அப்போதும் பழைய விண்டோவை மூடாமல், புது விண்டோவில் ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது. அவசரப்பட்டால் உங்க வீட்டுக்கு வெளியே நீங்களே நிற்க வேண்டியதுதான்.

சிக்கல் வருவது வைஃபையைத் தாண்டும்போது. பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அபார்ட்மென்ட் கேட் வரை லெட்டர் வருகிறது, ஃப்ளாட் நம்பர் இல்லாததால் மேலே வரவில்லை என்பது போல. தனி ஐ.பி. வாங்கி ரவுட்டரில் 22-ம் எண் போர்ட்டைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. அது தேவையில்லாத ரிஸ்க். திறந்த கதவைத் தேடி பாட்கள் இணையம் முழுக்க ராத்திரி பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. டெயில்ஸ்கேல் மாதிரியான தனியார் நெட்வொர்க் செயலியை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு ஒரே கணக்கில் லாகின் செய்துவிட்டால், போர்ட் திறக்கவே வேண்டாம். போனின் மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து டெஸ்ட் செய்யுங்கள். வீட்டு வைஃபையில் செய்து பார்த்தால் அது டெஸ்டே இல்லை.

கிளம்பும் முன் ஸ்லீப் மோடை நிறுத்துங்கள். கரன்ட் போய் வந்தால் தானாகவே ஆன் ஆகும் வசதி பல மதர்போர்டுகளின் பயாஸில் இருக்கும், அதைப் போட்டுவிடலாம். ஆனால் மொத்த டிஸ்க்கையும் என்க்ரிப்ட் செய்திருந்தால், ஆன் ஆனதும் அது பாஸ்வேர்டு கேட்டு அங்கேயே நிற்கும். எஸ்.எஸ்.எச். வராது. இதைக் கவனிக்காமல் ஊருக்குப் போய்விட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

இன்னொன்று. தண்ணீர் தேங்கினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மிக்ஜாமின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லாத கம்ப்யூட்டருக்கு எந்தச் சாவியும் உதவாது. இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரையும் அதிலேயே இணைத்தால் சில மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் முதல் வேலையாக, ஆர்சிங்க் கட்டளையால் முக்கியமான ஃபைல்களை லேப்டாப்புக்கு இழுத்துவிடுங்கள். மாறிய ஃபைல்களை மட்டுமே அது அனுப்பும் என்பதால், மழைக்கு முன்பே ஒருமுறை முழுதாகக் காப்பி எடுத்து வைத்திருந்தால் மொபைல் டேட்டாவே போதும்.