கேமரா வாரில் ஒரு ரப்பர் துண்டு

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2014 தீபாவளி காலையில் கிள்ளானில் எடுத்தது. அதில் அப்பாவின் முகம் சரியாகத் தெரியாது.

மற்ற படங்களில் யாராவது ஒருவர் குறைவார். பெரும்பாலும் நான்தான். வேறு யார் படம் எடுப்பது? அந்த ஆண்டு விடுவதில்லை என்று முக்காலியை வாசல் கேட்டருகே நிறுத்தினேன். கிழக்குப் பார்த்த வீடு. எல்லாரும் போர்ச் நிழலில் வரிசையாக நின்றார்கள். அப்பா மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்ளே போயிருந்தார். அதற்குள் அம்மாவையும் தம்பியையும் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. அப்பா வந்ததும் டைமரைப் பத்து விநாடிக்கு வைத்து, பக்கவாட்டிலிருந்து பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றேன். கிளிக். அந்நேரம் பார்த்து விருந்தினர் கார் வந்து நின்றது. படத்தை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

இரவு கணினியில் போட்டால் எல்லார் முகமும் இருட்டு. அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஏப்ரலில் அவர் இல்லை.

கேமரா கெட்டுவிட்டது என்றுதான் பல மாதம் நினைத்திருந்தேன். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள், புகைப்படப் பாடம் வேறு படித்தவள். கடைசியில் உண்மையைச் சொன்னவர் கிள்ளானில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவர். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“இது நீ எடுத்தது, நல்லா இருக்கு. இது டைமர் எடுத்தது, இருட்டு. நடுவுல என்னம்மா மாறுச்சு?”

“தெரியலையே அங்கிள்.”

“உன் கண்ணு. முதல் படத்துல அந்த ஓட்டைய உன் கண்ணு மூடியிருந்துச்சு. அடுத்ததுல மூடல.”

டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில்தான், உள்ளே, ஒளியை அளக்கும் ஒளிமானி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது அளக்க வேண்டும். பின்னாலிருந்து வெயில் நுழைந்தால் அதையும் சேர்த்தே அளக்கும். “ஓ, இங்கே வெளிச்சம் அதிகம்” என்று முடிவுசெய்து படத்துக்கான ஒளியைக் குறைத்துவிடும். நாங்கள் நின்றது நிழலில். கேமராவின் முதுகிலோ காலை வெயில்.

பழைய பிலிம் கேமராவில் ஒளி கசிந்தால் படத்திலேயே தெரியும். பின்கதவு ஓரத்துப் பஞ்சு நைந்துபோனால் ஆரஞ்சு நிறத்தில் தீற்றல் விழும். இங்கே அந்தத் தடயமும் இல்லை. படம் பதிவாகும் நொடியில் கண்ணாடி மேலே தூக்கி அந்த வழியை அடைத்துவிடும். கசிந்த ஒளி படத்தில் விழாது, கணக்கை மட்டும் கெடுத்துவிட்டுப் போய்விடும். ஒலிபரப்பு அறையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஒலி அளவைக் காட்டும் கோடு மேலே ஏறும். அது என் குரலா, கதவிடுக்கில் நுழைந்த சிரிப்புச் சத்தமா என்று அதற்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2012-இல் கேனான் 5டி மார்க் 3 வெளிவந்த சில வாரங்களிலேயே ஒரு குறை தெரிந்தது. கும்மிருட்டில் மேல்புறத் திரையின் விளக்கை எரியவிட்டால், அந்த ஒளி உள்ளே கசிந்து ஒளிமானி காட்டும் அளவு மாறியது. நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்த கேமராவைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது, கறுப்பு நாடா!

என் கேமராவுக்கு நாடாகூடத் தேவைப்படவில்லை. பெரியவர் கழுத்து வாரைப் பிடித்து இழுத்து, அதில் கோத்திருந்த ரப்பர் துண்டைக் காட்டினார். துவாரத்தை மூடுவதற்கென்றே பல கேமராக்களின் வாரில் கொடுக்கிறார்கள். வார் நழுவாமல் இருக்க ஏதோ கொக்கி என்று நினைத்திருந்தேன்.

இப்போது வரும் மிரர்லெஸ் கேமராவிலும் கைப்பேசியிலும் இந்த வழியே கிடையாது. அதற்காக ஒளிமானி சொல்வதெல்லாம் சரி என்று ஆகாது. எதைக் காட்டினாலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பல் என்றே அது எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டைகள் படத்தை நிறைத்தால் முகங்களை இருட்டாக்கும். நம் கறுத்த முகத்தை நெருங்கி எடுத்தால் வெளிறடித்துச் சாம்பல் பூசும். கோயில் கல்யாணப் படங்களில் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை நகர்த்தினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

அந்தத் தீபாவளிப் படத்துக்கு வேண்டிய ஒளியில் கால் பங்குதான் கிடைத்திருந்தது. ரா வடிவில் எடுத்திருந்தால் நன்றாகவே மீட்டிருக்கலாம். நான் எடுத்தது ஜேபெக். பெரியவர் முடிந்தமட்டும் வெளிச்சம் ஏற்றித் தந்தார். அப்பா முகம் புள்ளி புள்ளியாகத்தான் வந்திருக்கிறது. புதிதாக வாங்கிப் போட்ட மூக்குக்கண்ணாடி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

இப்போதும் தீபாவளிக்கு முக்காலி கேட்டருகே நிற்கும். நான் பொத்தானைத் தொடுவதற்குள் போர்ச்சிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்: “அந்த ரப்பர மாட்டிட்டியா?”