பாலாற்றங்கரையில் ஓர் உருவம்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாகும் பாலாற்றின் வறண்ட வனத்தைக் கணினியில் சிருஷ்டித்து, அதில் போஸர் மென்பொருளில் அபிநயம் கொடுத்த மனித உருவமொன்றை நிறுத்த விரும்புகிறவர், மலையின் சௌந்தரியத்தில் மயங்குமுன், அவ்வுருவம் தோல் நிறமும் துணி மடிப்பும் கெடாமல் வந்து சேருமா என்றே முதலில் விசாரிக்க வேண்டும். டெராஜென் என்னும் நிலக்காட்சி மென்பொருள், ஆகாயத்தையும் பாறையையும் தீட்டுவதில் வெகு சமர்த்து. ஆயினும் ஓபிஜே கோப்பாக வரும் உருவம் அங்கே உறைந்த சிலைதான். கையைச் சற்றே உயர்த்தவும் போஸருக்கே திரும்ப வேண்டும். வியூ என்னும் மற்றொரு நிலக்காட்சி மென்பொருளோ போஸர் காட்சியை நேராகவே ஏற்கும். ஆனால் 2024-இல் அதன் வளர்ச்சி நின்று, அது இலவசமாகிவிட்டது. எலும்புக்கட்டோடு எஃப்பிஎக்ஸ் கோப்பை ஏற்று, இன்றும் வளர்ந்துவரும் இலவச மென்பொருளான பிளெண்டரே, கற்கச் சிரமமாயினும், புதியவருக்கு உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.