வளாரிலிருந்து அம்பு செய்தல்

நீண்டதொரு குச்சியின் நுனியில் கூரிய பொருளொன்றைப் பொருத்தினால் அம்பாகிவிடும் என்று கருதுவோர் பலர். உண்மையில் அம்பின் தண்டு நேராகவும், இலேசாகவும், வில்லின் வலிமைக்கு ஏற்ற விறைப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். இரும்புக் கருவிகள் தோன்றாத காலத்து மக்கள் இதற்கு உகந்த பொருளைப் புதர்ச் செடிகளின் வளார்களில் கண்டனர்.

இதற்குச் சிறந்த சான்று ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்துள்ளது. இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளின் எல்லையருகே சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், 1991ஆம் ஆண்டு செப்டம்பரில், பனிக்கட்டியில் உறைந்த மனித உடலொன்று கண்டெடுக்கப்பட்டது. அது ஏறக்குறைய 5,300 ஆண்டுகள் பழமையானது. அம்மனிதனின் அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளுள் இரண்டே முற்றுப்பெற்றவை, அவ்விரண்டும் முறிந்திருந்தன. ஏனைய பன்னிரண்டும் பட்டை நீக்கப்பட்ட வெறுந்தண்டுகளே. அவை வைபர்னம் லன்டானா என்னும் புதர்ச் செடியின் வளார்கள்; நீளம் 84 முதல் 90 சென்டிமீட்டர் வரை. அவனுடைய வில்லும் அரைகுறையாகவே இருந்தது.

வளாரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் யாது? மரத்தை அறுத்துச் செய்யும் தண்டில் நார்கள் குறுக்கே வெட்டுப்படக்கூடும். அத்தகைய அம்பு எய்யும்போதே பிளந்து கையைக் குத்தும். வளாரிலோ நார்கள் அடி முதல் நுனி வரை தொடர்ந்து ஓடுகின்றன.

செய்முறை பின்வருமாறு: இலையுதிர்ந்த குளிர்காலத்தில், பக்கக் கிளையில்லாத நேரான வளார்களை வெட்டுவர். அவற்றைக் கட்டாகக் கட்டி நிழலில் பல வாரங்கள் உலர்த்துவர். பட்டையை உடனே உரித்துவிட்டால் விரைவாக உலர்ந்து வெடிப்பு உண்டாகும். உலர்ந்தபின் பட்டையை நீக்கி, கோணலான இடத்தைத் தணலின்மேல் காட்டி, நேராக வளைத்து, ஆறும்வரை பிடித்திருப்பர். நார்களைப் பிணைக்கும் லிக்னின் வெப்பத்தால் இளகி, ஆறியதும் புதிய வடிவில் இறுகுவதே இதன் தத்துவமாகும். பின்னர்ப் பள்ளமிட்ட மணற்கற்களிடையே தேய்த்துத் தண்டைச் சீராக்குவர்.

இத்தேய்ப்பில் மிகுந்த கவனம் தேவை. நாணிலிருந்து விடுபடும் கணத்தில் அம்பு சற்றே வளைந்து வில்லைக் கடந்து செல்கிறது. விறைப்பு மிகினும் குறையினும் அது குறி தவறும். உருண்டையான தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆதலின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தேய்த்தால் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இறுதியில் நாண் பொருந்தும் குதையை வெட்டி, முனையையும் இறகுகளையும் பொருத்துவர். ஆல்ப்ஸ் அம்புகளில் சக்கிமுக்கிக் கல் முனையும், பூர்ஜ மரப்பட்டைக் கீலால் ஒட்டி நூலால் சுற்றிய மூன்று இறகுகளும் உள்ளன.

2001ஆம் ஆண்டில் எடுத்த எக்ஸ்ரே படம், அம்மனிதனின் இடது தோளில் கல் அம்புமுனையொன்று தைத்திருந்ததைக் காட்டிற்று. பன்னிரண்டு தண்டுகள் முற்றுப்பெறுமுன் அவன் வேறொருவரின் அம்பால் மாண்டான்.

அம்முற்றுப்பெறாத தண்டுகளே அத்தொழிலின் படிகளை நமக்கு உணர்த்துகின்றன. ஆகவே கைத்தொழில்களைப் பதிவு செய்யும் களப்பணியாளர்கள், முடிந்த பொருளோடு பச்சை வளார், உலர்ந்த தண்டு, பாதி தேய்த்த தண்டு ஆகியவற்றையும் சேகரித்தல் வேண்டும். ஆசிரியர்கள் ஒரே நீளமும் வெவ்வேறு பருமனும் உடைய இரு குச்சிகளை வளைத்துக் காட்டி, மேற்கூறிய விதியை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம்.