பாடும் பகிர்வும்: பழவேற்காட்டு நீர்ப்பொதுமையும் தமிழ்க் கணினிப் பயனரின் அறிவுப்பொதுமையும்

ஆய்வுச்சுருக்கம்

கணினியிலும் திறன்பேசியிலும் அன்றாடம் எழும் தொழில்நுட்பச் சிக்கல்களைப் பயனர்களே இணையவழி ஒருவருக்கொருவர் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் ஓர் அறிவுப்பொதுமையை உருவாக்குகிறது. பழவேற்காட்டு மீனவரின் பாடு முறை நீரைப் பொதுமையாகக் காக்கும் மரபு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, நீர்ப்பொதுமை மிகுதியான எடுப்பால் அழிகிறது என்பதையும், அறிவுப்பொதுமை பேணாமையால் அழிகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் எழுத்துருச் சிக்கல், மீனவர் திறன்பேசியில் எழும் இடங்குறிப்புச் சிக்கல் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, பாடு முறை, பொதுமை, எழுத்துரு, குறியேற்றம், ஒருங்குறி, இடங்குறிப்பு, சிக்கல் தீர்த்தல்

முன்னுரை

கணினி பழுதுபட்டால் அதனை விற்றவரையோ பழுதுநீக்குநரையோ நாடுவது ஒரு வழி. அதே சிக்கலை முன்பு எதிர்கொண்ட மற்றொரு பயனரைக் கேட்பது இன்னொரு வழி. இரண்டாம் வழியில் விடையளிப்பவர் கூலி பெறுவதில்லை. கேட்பவர் பெரும்பாலும் அவரை நேரில் அறிந்திருப்பதுமில்லை. ஆயினும் தமிழர் கணினியில் தமிழைக் கையாளக் கற்றதில் பெரும்பங்கு இவ்வழியில்தான் நிகழ்ந்தது. இவ்வுதவிப் பரிமாற்றம் தமிழாய்வில் தனிப்பொருளாக அரிதாகவே நோக்கப்பட்டுள்ளது. இதனை நட்பின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்ளாமல், பலருக்கும் உரிய ஒரு வளத்தை ஆக்கும் செயலாகக் கொண்டால், அதன் ஆற்றலும் அதற்குள்ள ஆபத்தும் தெளிவாகும். அதற்கு ஓர் அளவுகோலாகப் பழவேற்காட்டின் பாடு முறை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பழவேற்காட்டுப் பாடு முறை

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. அதன் பெயரால் வழங்கும் ஏரி, சிலிக்காவிற்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரத்தை அண்டிய தென்பகுதியே தமிழ்நாட்டு மீனவருக்கு இன்றியமையாத மீன்பிடி இடம். இறால் வரத்து முகத்துவாரத்தின் வழியே நிகழ்வதால், அதனருகே வலை கட்டும் இடத்திற்குப் போட்டி மிகும்.

இப்போட்டியைத் தணிக்க உருவானதே பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மரபுரிமை பெற்ற மீனவர், குறிப்பிட்ட இடங்களில் முறைவைத்து மீன் பிடிப்பர். இடமும் முறையும் குலுக்கலால் அமையும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுழன்று வரும். பூசல் எழுந்தால் ஊர்ப் பெரியோர் தீர்ப்பர். இதனை ஒத்த முறைகள் கேரளக் காயல்களிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் காணப்படுகின்றன.

பாடு முறைக்கு மற்றொரு முகமும் உண்டு. உரிமை பெற்றவருக்குள் அது சமனைப் பேணுகிறது. உரிமையற்றோரை வெளியே நிறுத்துகிறது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும், மரபுரிமை இல்லாத பிற சமூகத்தினரும் இதன் பயனைப் பெறுவதில்லை. இம்முறையை ஆராய்ந்த சாரா கௌல்தார்டு முதலியோர் இவ்விரு முகங்களையும் சுட்டியுள்ளனர். ஆகவே பாடு முறையை இலட்சியமாக உயர்த்துவது இங்கு நோக்கமன்று. ஒரு பொதுவளம் நீடிக்க வேண்டுமாயின் எத்தகைய விதிகள் தேவைப்படுகின்றன என்பதை அது காட்டுகிறது என்பதே கருதத்தக்கது.

குறையும் வளமும் குறையா வளமும்

பொதுவளங்களைப் பயனர்களே விதி வகுத்துக் காக்க இயலும் என்பதை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்; 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பின்னர் சார்லட் ஹெஸ்ஸுடன் இணைந்து 2007இல் தொகுத்த நூலில், அறிவையும் ஒரு பொதுமையாகக் கொண்டு ஆராயும் வழியைத் திறந்தார். இரண்டிற்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. ஒருவர் பிடித்த இறாலை மற்றொருவர் பிடிக்க முடியாது. ஒருவர் பெற்ற விடையையோ ஆயிரம் பேர் பெறலாம், விடை குறைவதில்லை.

இவ்வேறுபாட்டினால் அறிவுப்பொதுமைக்கு விதியே தேவையில்லை என்று தோன்றக்கூடும். உண்மை அவ்வாறில்லை. விடையளிப்பவரின் நேரம் குறையும் வளமே. ஒரே கேள்வி நூறு முறை கேட்கப்படுமாயின், அறிந்தவர் சலிப்புற்று விலகுவர். 1980களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்து அஞ்சல் குழுக்களில், அடிக்கடி கேட்கப்படும் வினாக்களைத் தொகுத்து அவ்வப்போது வெளியிடும் வழக்கம் தோன்றியதற்கு இதுவே காரணம். பாடு முறை இடத்தைப் பங்கிட்டது. வினாத் தொகுப்பு விடையளிப்போரின் உழைப்பை மிச்சப்படுத்தியது.

எழுத்துருச் சிக்கலும் பயனர் உதவியும்

தமிழில் இப்பொதுமை தோன்றிய களம் எழுத்துரு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டிய மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தோன்றும். பழுது எந்திரத்தில் இல்லை. இரு கணினிகளுக்கும் இடையே உடன்பாடு இல்லாததே பழுது. ஆதலால் அதனைத் தனியொருவர் தீர்க்க இயலாது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்னஞ்சல் வழி விவாதித்து டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை உருவாக்கியது இவ்வகையிலேயே. சிக்கலைத் தீர்க்க முனைந்த பயனர்களே தரத்தையும் வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தாம், தாப் ஆகிய குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஒருங்குறி வந்தபின் சிக்கல் ஒழிந்துவிடவில்லை, வடிவம் மாறியது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரிவரத் தெரிய, மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாவிடின் ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். சில இடங்களில் புள்ளி வட்டம் தோன்றும். உரிய எழுத்துரு இல்லையெனில் வெறுங்கட்டங்களே தெரியும். பயனர் இதனைக் ‘கட்டம் கட்டமாகத் தெரிகிறது’ என்று குறித்தனர். அச்சொற்றொடர் ஏறத்தாழ ஒரு கலைச்சொல்லாகவே ஆயிற்று. நோய்க்குறியைக் கேட்டவுடன் அறிந்தவர் நோயை உணர்ந்தனர். எழுத்துரு மாற்றிகளும், இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் முதலிய தட்டச்சு மென்பொருள்களும் பரவியதில், அவற்றை நிறுவும் வழியைப் படிப்படியாக எழுதிய பெயரறியாப் பயனர்களுக்கும் பங்குண்டு.

இவ்விடைகளில் மொழியாய்வுக்குரிய செய்தி ஒன்றுள்ளது. விளக்கம் தமிழில் இருக்கும். பொத்தானின் பெயர் ஆங்கிலமாக, பெரும்பாலும் தமிழ் எழுத்தில் இருக்கும். திரையில் ‘அமைப்புகள்’ என்று காண்பவருக்குச் ‘செட்டிங்ஸ்’ஐத் திறக்குமாறு கூறும் விடை பயன்படாது. கலைச்சொல் ஒருமை என்பது அறிஞர் விவாதமாக மட்டும் நில்லாமல், ஓர் எந்திரம் இயங்குமா இயங்காதா என்பதைத் தீர்மானிக்கும் காரணியாகவும் அமைந்தது.

மீனவர் கையில் திறன்பேசி

இத்தகைய சிக்கல்கள் இன்று கடலோரத்தையும் எட்டியுள்ளன. 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் தரும் கடற்பரப்பு வெப்பநிலை, பச்சையம் ஆகிய தரவுகளைக் கொண்டு மீன் திரளக்கூடிய பகுதிகளைக் கணித்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவிக்கிறது. பழவேற்காட்டுக் குப்பங்களில் ஏரியில் தொழில் செய்வோரும் கடலுக்குச் செல்வோரும் உளர். இவ்வறிவிப்பு பின்னவருக்கு உரியது. அதில் அகலாங்கும் நெட்டாங்கும் பாகை, கலை என்னும் அளவுகளில் அமையும். ஒரு பாகைக்கு 60 கலை. திறன்பேசி வரைபடமோ பெரும்பாலும் பதின்மப் பாகையைக் கேட்கும். அன்றாடப் பிழை எழும் இடம் இதுவே.

பழவேற்காட்டின் அகலாங்கு ஏறத்தாழ 13 பாகை 25 கலை. 25ஐ 60ஆல் வகுத்தால் 0.4167, ஆகவே 13.4167 என உள்ளிட வேண்டும். 13.25 என உள்ளிட்டால் அது 13 பாகை 15 கலையாகிவிடும். 10 கலை வேறுபாடு என்பது 10 கடல் மைல். அதாவது தெற்கே சுமார் 18.5 கி.மீ. நெட்டாங்கிலும் இவ்வாறே. 80 பாகை 30 கலையை 80.30 எனப் பதிந்தால் புள்ளி கடலை விட்டு எண்ணூர்ப் பக்கத்து நிலப்பரப்பில் விழும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். 80 பாகை 45 கலையை 80.45 எனப் பதிந்தால் புள்ளி மேற்கே 30 கி.மீ.க்கு மேல் நகர்ந்தும் கடலிலேயே இருக்கும், பிழை வெளிப்படாது. எரிபொருளும் ஒருநாள் உழைப்பும் வீணாகும். ஆழத்திலும் இத்தகைய மாற்றம் தேவை. அறிவிப்பு மீட்டரில் கூறும். மீனவர் மரபு பாகத்தில் அளக்கும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.83 மீட்டர் எனக் கொண்டால், 20 பாகம் 36 மீட்டருக்குச் சற்று மிகும்.

இச்சிக்கலுக்குப் பொறியாளர் தேவையில்லை. ஒருமுறை பிழைபட்டுத் திருத்திக்கொண்ட மீனவர் ஒருவரே போதும். கருவியின் அமைப்பில் அளவு வடிவத்தை மாற்றலாம் என்றோ, கலையை 60ஆல் வகுக்க வேண்டும் என்றோ அவர் கூறும் இரண்டு வரி, கரை முழுவதற்கும் பொருந்தும். அந்த இரண்டு வரி எங்கே வைக்கப்படுகிறது என்பதே இனி எழும் வினா.

விடையைப் பேணுதல்

தமிழ்ப் பயனர் உதவியின் முதற்கட்டம் மின்னஞ்சற் குழுக்களில் எழுத்தாக நிகழ்ந்தது. மரத்தடி, இராயர் காப்பி கிளப், அகத்தியர் முதலிய குழுக்கள் யாஹூ சேவையில் இயங்கின. அச்சேவை 2019இன் இறுதியில் புதிய பதிவேற்றங்களை ஏற்பதை நிறுத்தியது. 2020 டிசம்பர் 15இல் முற்றிலும் மூடப்பட்டது. ஆவணத் தன்னார்வலர் ஒரு பகுதியை மீட்டனர். முன்னரே, 2009இல், ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தனியார் அமைத்த தளங்கள் பல மறைந்தன. இவற்றில் எவையும் மிகையான பயன்பாட்டால் அழியவில்லை. எழுதியோரிடம் படி இல்லை. இடமளித்த நிறுவனத்திற்குக் காக்கும் கடமை இல்லை.

இன்றைய நிலை வேறுவகையில் நலிவானது. கேள்வியும் விடையும் வாட்ஸ்அப் குழுக்களில் பெரும்பாலும் குரல் பதிவாகவே பரிமாறப்படுகின்றன. எழுதத் தயங்குவோருக்கு இது பெரும் விடுதலை. அதனை மறுத்தல் தகாது. ஆனால் குரல் பதிவு தேடலுக்கு அகப்படாது. குழுவுக்கு வெளியே தெரியாது. பேசி மாற்றப்படும்போது மறைந்துவிடும். ஒரு குப்பத்தில் தீர்ந்த சிக்கல் அடுத்த குப்பத்தில் புதிதாகத் தொடங்குகிறது. பாடு முறை உரிமையற்றோரை வெளியே நிறுத்தியதைப் போலவே, மூடிய குழுவும் உறுப்பினர் அல்லாதோரை வெளியே நிறுத்துகிறது. முன்னதில் அதற்குக் காரணம் வளத்தின் குறைவு. பின்னதில் வளம் குறைவதில்லை. ஆதலால் அவ்வெல்லைக்கு அத்தகைய நியாயம் இல்லை.

மாற்று வழிக்கு முன்னுதாரணம் உண்டு. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, பயனர் விடைகளைப் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வெளியிட்டது. நிறுவனம் மறைந்தாலும் விடைகளைப் படியெடுத்துக் காக்கப் பிறருக்கு உரிமை உண்டு. பாடு முறையில் இடத்தைக் காத்தது ஊரின் உடன்பாடு. இங்கு விடையைக் காப்பது உரிமத்தின் உடன்பாடு.

முடிவுரை

பழவேற்காட்டு ஏரி கற்பிப்பது, பொதுவளம் தானாக நிலைப்பதில்லை என்பதை. நீருக்கு எடுப்போரை முறைப்படுத்தும் விதி வேண்டும். அறிவுக்கு வைப்பதை முறைப்படுத்தும் விதி வேண்டும். அவ்விதி எளியதாக அமையலாம்: சிக்கல் எவ்வாறு தோன்றியது, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபின் தீர்ந்தது, எந்த நாள் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருத்தல், உரியவர் இசைவுடன் எவரும் படியெடுக்கத்தக்க உரிமத்தில் இருத்தல்.

இப்பணியில் தமிழ்த்துறைகளுக்கு இடமுண்டு. நாட்டார் வழக்காற்றியல் களப்பணியில் பாடலையும் கதையையும் தொகுப்பது போலவே, ‘கட்டம் கட்டமாகத் தெரிகிறது’ என்பது போன்ற நோய்க்குறிச் சொற்களையும், பாகத்தை மீட்டராக்கும் வாய்வழிக் கணக்கையும் தொகுக்கலாம். அவை மக்கள் புதிய கருவியைத் தம் மொழியில் கையாண்ட வரலாற்றின் மூலச் சான்றுகள். தொகுக்கப்படின் ஆய்வாளருக்கு அவை தரவாகும். முகத்துவாரத்தைக் கடந்து செல்லும் மீனவருக்குத் தவறான புள்ளியைத் தவிர்க்கும் வழியாகும்.