எதை பேக்கப் எடுக்க வேண்டும்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை, "பேக்கப் எடுத்து வையுங்கள்" என்பதுதான். எதை எடுப்பது என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

சாப்ட்வேர் இன்ஜினியரான நானே இதில் ஏமாந்தேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை முழுதாக பேக்கப் எடுக்க நினைத்தேன். விண்டோஸ், கேம்ஸ், சினிமா எல்லாம் சேர்த்து 380 ஜிபி இருந்தது. பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. விண்டோஸை மறுநாளே இன்ஸ்டால் செய்துவிட்டேன். பாட்டி எங்களுடன் இருந்த கடைசிப் பொங்கல் போட்டோக்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அவை மொத்தமே 2 ஜிபிதான். டிராயரில் சும்மா கிடந்த பென் டிரைவே போதுமாக இருந்திருக்கும்.

எனவே ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது அழிந்தால் மறுபடி கிடைக்குமா?

கிடைப்பவை: விண்டோஸ், ஆபீஸ், பிரவுசர், கேம்ஸ். இவற்றை இன்டர்நெட்டில் இருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பேக்கப்பில் சேர்க்க வேண்டாம்.

கிடைக்காதவை: குடும்ப போட்டோ, வீடியோ, நீங்கள் டைப் செய்த கடிதங்கள், வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் புராஜெக்ட். இவைதான் முக்கியம்.

இனி செய்ய வேண்டியவை:

1. முக்கியமான பைல்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போல்டர்களில் இருக்கும். டவுன்லோட்ஸ் போல்டரையும் ஒருமுறை பார்த்து, வேண்டியதை டாகுமென்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

2. போல்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்தால் அதன் அளவு தெரியும். அதற்கேற்ற பென் டிரைவ் அல்லது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

3. காப்பி செய்ததில் இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். பிறகு டிரைவைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் வைரஸ் அதையும் தாக்கும்.

4. பென் டிரைவும் ஒருநாள் பழுதாகும். எனவே கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவில் இன்னொரு காப்பி வையுங்கள். ஆனால் சிங்க் செய்த போல்டரில் ஒரு பைலை அழித்தால் அங்கும் அது அழிந்துவிடும். எனவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

டேலி பயன்படுத்துபவர்கள் அதிலேயே உள்ள பேக்கப் வசதியையும் பயன்படுத்த வேண்டும்.

மாதம் ஒருமுறை, கரண்ட் பில் கட்டும் நாள் போல ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பேக்கப்பை மட்டும் இன்று இரவே எடுத்துவிடுங்கள்.