உங்களுக்குத் தெரியுமா? முகாமில் விட்டுச்சென்ற துப்பாக்கி

தற்கொலை உந்துதல் பலரிடம் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அப்போது கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பலவேளை உயிரைத் தீர்மானிக்கிறது. 2006இல் இஸ்ரேலிய இராணுவம், வார இறுதியில் வீடு செல்லும் படையினர் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்லப் பணித்தது. தற்கொலை வீதம் சுமார் 40% குறைந்தது. வாரநாள் மரணங்கள் கூடவுமில்லை. எண்ணம் வேறு நாளுக்குத் தள்ளிப்போகவில்லை என்பதே இதில் முக்கியம்.

இலங்கையில், போர்க்காலத்திலும்கூட, தற்கொலையைப் பொறுத்தவரை துப்பாக்கியைவிடக் கிருமிநாசினியே பெரிய ஆபத்தாக இருந்தது. கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளையும் மன்னாரின் முருங்கன், நானாட்டான் பக்கங்களில் அது வழக்கமான வயற்பொருள். 1995இல் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47. கடும் நச்சு வகைகள் தடைசெய்யப்பட்டபின் 2005 அளவில் அது பாதியாயிற்று, விளைச்சலோ குறையவில்லை.

மனநல உதவிக்கு: 1926.